முப்பத்து நான்கு டிகிரி

முழுப்பெயர் புரொப்பிலீன் ஆக்சைடு.
ஷிப்டில் நாங்கள் சொல்வது பீ.ஓ.
பார்வைக்குப் பச்சைத் தண்ணீர்.
முப்பத்து நான்கு டிகிரியில் கொதித்துவிடும்.
என் உடம்பு அதைவிடச் சூடு.

சித்திரையில் மணலி
காலை பத்துக்கே அந்தக் கணக்கைத் தாண்டும்.
அதனால் அதற்கு எல்லா ஏற்பாடும் உண்டு:
வெள்ளைப் பெயிண்ட் அடித்த தொட்டி,
உள்ளே நைட்ரஜன் போர்வை,
வெயில் ஏறினால் தானே திறந்துகொள்ளும்
தண்ணீர்த் தூறல்.

சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு.
லாரி ஒன்றுவிட்டு ஒரு நாள் வரும்.
வராமலும் இருக்கும்.

இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன்,
முக்கோணமாய் நெருக்கியடித்த வளையம்,
வெளியே தொங்க இன்னொரு கார்பன்.
கல்லூரிக் கரும்பலகையில் அழகாகத்தான் இருந்தது.
டோல்கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில்
முழங்கால் மடக்கி
நாலாவது ஆளாக வந்து பாருங்கள்,
அதன் அவஸ்தை புரியும்.
யாராவது ஒருவர் இறங்கினால் போதும் என்றிருக்கும்.

இதுவும் அப்படித்தான்.
கொஞ்சம் காரம், கொஞ்சம் சூடு,
வளையம் அறுந்து கையை நீட்டும்,
நீட்டிய கையை அடுத்தது பிடிக்கும்,
அதன் கையை அதற்கடுத்தது.
நகத்தில் நிற்காமல் ஆவியாகிற ஒன்று
விளக்கெண்ணெய் போலக் கெட்டியாகி
டிரம்மில் இறங்கி
எங்கோ நுரைத்து மெத்தையாகும்.

இரவு இரண்டேகால்.
சாம்பிள் பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து
கஜபதி அண்ணன் வருவார்.
காண்ட்ராக்ட். பதினாறு வருஷம்.
"ஈரம் எவ்ளோ மேடம்?"
முப்பத்தெட்டு பிபிஎம் என்றேன் அன்றைக்கு.
பத்து லட்சம் பங்கில் முப்பத்தெட்டு.
அவர் கையுறையைக் கழற்றினார்.
"சடையங்குப்பத்துல எங்க வூட்ல
இடுப்பு வரிக்கும் நின்னுச்சே,
அத்த எத்தினி பிபிஎம்னு எழுதுவீங்க?"

சுத்தத் தண்ணீர் என்றால் பத்து லட்சம், அண்ணே.

"பத்து லட்சமா!"
சீட்டு விழுந்தவர் போலச் சிரித்தார்.
சிரித்துக்கொண்டே சொன்னார்,
தவணை முடியாத மெத்தையை
மூன்று பேர் சேர்ந்து தெருவில் போட்டதை.
பிழியப் பிழியக்
கறுப்பாய் வந்துகொண்டே இருந்ததாம்.

வாசனை பற்றிக் கேட்கிறீர்கள்.
இனிப்பு என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கிறது.
மூக்குக்குத் தெரிகிற நேரத்தில்
அளவு எப்போதோ தாண்டியிருக்கும்
என்பது அடுத்த வரி.

போன பங்குனியில் ஒரு ஃபிளாஞ்சில் கேஸ்கட் போனது.
இருபது நிமிஷம்.
பம்பை நிறுத்தி, தண்ணீர்த் திரை விட்டு,
கஜபதி அண்ணன் முகமூடியோடு போல்ட் முறுக்க,
நான் ஜன்னல் வழியே
காற்றுப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடற்காற்றில் நன்றாக உப்பி
எங்கள் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் எழுதினோம்:
சிறு கசிவு. சரிசெய்யப்பட்டது.
எழுத்து என்னுடையது.

காலையில் செருப்பைக் கழற்றும்போது
எதிர்வீட்டு ரெஜினா கேட்டாள்:
"ராத்திரி யாருடி நெயில் பாலிஷ் போட்டது?
தெருவே கமகமன்னு."
கைக்குழந்தை அவள் தோளில்
வாய் பிளந்து தூங்கியது.

யாரோ, என்றேன்.

ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கி
மெத்தையில் விழுந்தேன்.
ஆறங்குலம். பதினெட்டு மாதத் தவணை, நான்கு பாக்கி.
கடையில் அந்தப் பையன் உள்ளங்கையால் அழுத்திக்காட்டி
"பாருங்க, அப்டியே எழும்பிடும்" என்றான்.
பார்த்தேன், எழும்பியது.
எதிலிருந்து வந்தது என்று
அவனிடம் நான் சொல்லவில்லை.
மின்சாரம் போனது.
என் சூடு அதற்குள் இறங்கி
திரும்ப என் மேலேயே ஏறியது.
முப்பத்தாறு, முப்பத்தேழு.

யாரோ.
யாரோ என்றா சொன்னேன்?

வெளியே லாரி ஹார்ன்.
குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம்.
எழுந்துபோய்
ரெஜினாவுக்குப் பின்னால் நின்றேன்.
குழந்தை இப்போது விழித்திருந்தது.
வெயிலில் கண்ணைச் சுருக்கி
என் பக்கமே பார்த்தது.

"ரெஜினா" என்றேன்.
தண்ணீர் விழுகிற சத்தத்தில்
அவளுக்குக் கேட்கவில்லை.
இன்னொரு தடவை கூப்பிட்டேன்.